நிகழ்வுக்கு முந்திய ஆண்டுகள்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விழிஞ்ஞத்திற்கு வடக்கே பூந்துறை, வலியதுறை, சங்குமுகம் ஆகிய கடற்கரைகளில் கடலரிப்பினால் வீடும் தொழிலும் இழந்தோர் பலர். வலியதுறையில் அத்தகைய குடும்பங்கள் கிடங்குகளில் ஆண்டுக்கணக்கில் தங்கி வாழ நேர்ந்தது. 1956 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வலியதுறைக் கடற்பாலம் 2024 ஆம் ஆண்டில் இரண்டாகப் பிளந்தது. விழிஞ்ஞத்தில் பெருந்துறைமுகம் ஒன்றின் கட்டுமானப் பணி 2015 டிசம்பரில் தொடங்கிற்று. அதன் அலைத்தடுப்புச் சுவர் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுடையது. இச்சுவரே வடகரையை அரித்தது என்பது மீனவர்களின் முறையீடு. 2022 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை அவர்கள் நடத்திய போராட்டத்தின் முதன்மையான கோரிக்கைகளுள் இவ்வரிப்பினைப் பற்றிய ஆய்வும் ஒன்று. அரிப்பு துறைமுகத்திற்கு முன்னரே இருந்தது என்பது மறுதரப்பினரின் விடை. இதனை ஆராய வல்லுநர் குழுவும் அமைக்கப்பட்டது. 2025 மே 2 ஆம் நாள் துறைமுகம் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டுவிட்ட போதிலும் வினா மட்டும் மறையவில்லை.

இவ்வினாவின் வடிவம் கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. ஒரு நாளில் ஒரு செயல் நிகழ்கிறது. அதன்பின் ஏதோ ஒன்று மாறுகிறது. மாற்றத்திற்கு அச்செயல்தான் காரணமா? புதிய விதையைப் பரப்பியபின் விளைச்சல் உயர்ந்ததா, பள்ளியில் உணவு வழங்கியபின் வருகை கூடிற்றா, சாலை அமைத்தபின் விலை குறைந்ததா என்னும் வினாக்கள் யாவும் ஓரினத்தவையே. இவற்றிற்கு விடை காண இன்று மிகுதியாக வழங்கும் முறை நிகழ்வாய்வுத் தொடர்புப் போக்கு என்பதாகும். கணிப்பொறியில் அதனைச் செய்து முடிக்கச் சில நொடிகளே போதும். ஆனால் அதன் வலிமை கணிப்பொறியில் இல்லை. நிகழ்வுக்கு முந்திய ஆண்டுகளில் எளிய பணியாளர் ஒருவர் எழுதி வைத்த குறிப்பேட்டிலேயே உள்ளது. இவ்வுண்மை போதிய அளவு உணரப்படவில்லை.

முறையின் அமைப்பு

முன்னும் பின்னும் ஒவ்வொரு முறை அளந்து, வேறுபாட்டினைச் செயலின் பயன் என்று கூறுவது பழைய வழக்கம். சங்குமுகத்தை மே மாதத்தில் ஒருமுறையும் ஆகஸ்டு மாதத்தில் ஒருமுறையும் அளந்தால், இடையில் எதுவும் கட்டப்படாவிடினும் கரை குறைந்தே காணப்படும். தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் மணலைக் கொண்டுசெல்வதும், பருவம் கழிந்தபின் பெரும்பகுதி மணல் திரும்ப வந்து சேர்வதும் அக்கடற்கரையின் இயல்பு. ஆகவே இரண்டு அளவுகள் ஒரு காரணத்தையும் நிறுவமாட்டா.

நிகழ்வாய்வு இக்குறையை இரு வழிகளால் நீக்க முயல்கிறது. நிகழ்வு தீண்டிய இடங்களோடு தீண்டாத இடங்களையும் சேர்த்து அளப்பது முதல் வழி. நிகழ்வுக்கு முன்னும் பின்னும் பல காலப் பகுதிகளில் தொடர்ந்து அளப்பது இரண்டாவது வழி. பின்னர் ஒவ்வோர் அளவினையும் நான்கு கூறுகளாகப் பிரிக்கும் சமன்பாடு எழுதப்படும். அந்த இடத்திற்கே உரிய நிலையான தன்மை ஒன்று. அந்த மாதத்தில் எல்லா இடங்களுக்கும் பொதுவான நிலை ஒன்று. நிகழ்விலிருந்து இத்தனை மாதம் முன் அல்லது பின் என்பதற்குரிய கெழு ஒன்று. எஞ்சிய பிழை ஒன்று. நிகழ்வுக்குச் சற்று முந்திய காலப் பகுதியைச் சுழி எனக் கொண்டு, ஏனைய கெழுக்கள் யாவும் அதனோடு ஒப்பிடப்படும்.

கிடைக்கும் கெழுக்களை வரைதாளில் குறிக்கும்போது கிடையச்சில் நிகழ்விலிருந்து உள்ள காலத் தொலைவும், நிலையச்சில் கெழுவின் அளவும் அமையும். ஒவ்வொரு புள்ளியின் மேலும் கீழும் நம்பிக்கை இடைவெளியைக் காட்டும் சிறு கோடு செல்லும். நிகழ்வு நடந்த இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு. அதன் வலப்புறம் பின்விளைவைக் காட்டுகிறது. இடப்புறம் முன்வரலாற்றைக் காட்டுகிறது. காண்போர் கண் வலப்புறமே ஓடுகிறது. ஆனால் வலப்புறத்தை நம்பலாமா என்று சொல்வது இடப்புறமே. நிகழ்வுக்கு முன் இருவகை இடங்களும் ஒருபடித்தாகச் சென்றிருப்பின் இடப்புறப் புள்ளிகள் சுழிக் கோட்டினை ஒட்டிக் கிடக்கும். முன்னரே அவை சரிந்து வந்திருப்பின், பின்னர் காணும் சரிவு பழைய சரிவின் தொடர்ச்சியாகவும் இருக்கலாம்.

வட கேரளத்தின் மத்தி மீன்

இம்முறை நன்கு பொருந்திய ஓர் எடுத்துக்காட்டு கேரளக் கடற்கரையிலேயே உண்டு. ராபர்ட் ஜென்சன் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர், வட கேரளத்தில் மத்தி மீன் பிடிக்கும் 300 படகுக் குழுவினரிடமும் 15 கடற்கரைச் சந்தைகளிலும் 1996 செப்டம்பர் முதல் 2001 மே வரை வாரந்தோறும் விலையும் விற்பனையும் திரட்டச் செய்தார். அக்காலத்தில் கைப்பேசிச் சேவை ஒரே நாளில் எங்கும் வரவில்லை. கோழிக்கோட்டுப் பகுதிக்கு 1997 ஜனவரியிலும், கண்ணூர்ப் பகுதிக்கு 1998 ஜூலையிலும், காசர்கோட்டுப் பகுதிக்கு 2000 மே மாதத்திலும் வந்தது.

கைப்பேசி வருவதற்கு முன் ஒரு சந்தையில் மீன் மிஞ்சி வீணாகும். அண்டைச் சந்தையில் வாங்க வந்தோர் வெறுங்கையுடன் திரும்புவர். 1997 ஜனவரி 14 ஆம் நாள் காலை வடகரையில் 11 படகினர் விற்க இயலாமல் மீனைக் கொட்டிய வேளையில், 15 கிலோமீட்டருக்குள் இருந்த சந்தைகளில் மீன் கிடைக்காமல் 27 பேர் நின்றனர் என்பது அக்குறிப்பேடுகளில் பதிவாகியுள்ளது. சேவை வந்தபின் சந்தைக்குச் சந்தை இருந்த விலை வேற்றுமை பெரிதும் சுருங்கிற்று. பிடித்த மீனில் 5 முதல் 8 விழுக்காடு வரை வீணானது ஏறத்தாழ நின்றது. மீனவர் ஆதாயம் சராசரி 8 விழுக்காடு உயர்ந்தது. நுகர்வோர் விலை 4 விழுக்காடு தாழ்ந்தது. இம்முடிவுகள் 2007 ஆம் ஆண்டில் வெளியாயின.

இவ்வாய்வு புகழ்பெற்றதற்குக் காரணம் அதன் வரைபடமே. மூன்று பகுதிகளுக்கும் தனித்தனிப் படம். ஒவ்வொன்றிலும் கோபுரம் வந்த வாரத்தில் ஒரு செங்குத்துக் கோடு. கோடு இடம் மாறும்போது விலைகள் ஒன்றுகூடும் இடமும் மாறுகிறது. காசர்கோட்டில் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாக விலைகள் சிதறியே கிடந்தன. சேவை வந்தபின்னரே நெருங்கின. பொதுவான வேறொரு காரணம் இருந்திருப்பின், மூன்று பகுதிகளிலும் அது மூன்று வெவ்வேறு காலங்களில் செயற்பட்டது என்று கொள்ள வேண்டும். கோழிக்கோட்டிற்கோ முன்வரலாறு ஐந்து மாதத்திற்கும் குறைவு. கணக்கெடுப்பு 1997 பிப்ரவரியில் தொடங்கியிருந்தால் அப்பகுதிக்கு அதுவும் இருந்திராது. அச்சில மாதங்களின் பதிவை எந்த மென்பொருளும் பின்னர் உண்டாக்கித் தர இயலாது.

விலைச் செய்தி மட்டுமே விளைவைத் தீர்மானிப்பதில்லை. மீன் விற்கும் முறை, இடைத்தரகர், கடன் தொடர்பு ஆகியவற்றையும் நோக்க வேண்டும் என்று பின்னர் கேரள மீனவரிடையே களத்தில் ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டினர். வரைபடம் மாற்றத்தின் காலத்தையும் அளவையும் காட்டும். அது நிகழ்ந்த வழியை அறியக் கரையில் இறங்கிக் கேட்கவே வேண்டும்.

முன்பகுதி ஏமாற்றும் இடங்கள்

முன்வரலாறு இருந்தால் மட்டும் போதாது. அதனைப் படிக்கவும் அறிதல் வேண்டும். ஆர்லி ஆஷன்ஃபெல்டர் என்னும் அறிஞர், தொழிற்பயிற்சி பெற்றோரின் வருவாயை ஆராய்ந்து 1978 ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டார். பயிற்சியில் சேர்ந்தோரின் வருவாய் சேர்வதற்குச் சற்று முன் தாழ்ந்திருந்தது. தாழ்ந்ததனாலேயே அவர்கள் சேர்ந்தனர். தாழ்ந்தது தானே ஓரளவு மீளும். அம்மீட்சியையும் பயிற்சியின் பயன் என்று எண்ணிவிடுவது எளிது.

கடற்கரையிலும் இந்நிலையே. கரை மிகவும் அரிக்கப்பட்ட பருவத்திற்குப் பின்னர்தான் கருங்கற் சுவர் எழுப்பப்படுகிறது. அடுத்த சில மாதங்களில் மணல் இயல்பாகவே ஓரளவு திரும்பும். பெருமை சுவரைச் சேரும். முந்திய ஐந்து ஆண்டுகளின் அளவுகள் வரைபடத்தில் இருப்பின், சுவர் எழுந்ததற்கு முந்திய பள்ளம் தெளிவாகத் தோன்றி, ஆராய்வோரை எச்சரிக்கும்.

இதற்கு எதிர்மாறான தவறும் உண்டு. இடப்புறப் புள்ளிகள் சுழியிலிருந்து கணிசமாக விலகவில்லை, ஆகவே யாவும் சரியே என்று பலர் முடிவு கட்டுகின்றனர். நம்பிக்கை இடைவெளி அகன்றிருக்கும்போது, உண்மையான சரிவு ஒன்று அதனுள் மறைந்து கிடக்கலாம். ஜானதன் ராத் என்பவர் 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், இத்தகைய சோதனைகள் பல வேளைகளில் வலுக்குன்றியவை என்றும், அவற்றில் தேறிய ஆய்வுகளை மட்டுமே நம்புவது பிழையைப் பெருக்கவும் கூடும் என்றும் காட்டினார். ‘காணவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றல்ல.

மென்பொருளின் பொறிகள்

ஸ்டேட்டா, ஆர், பைத்தான் ஆகிய மூன்றிலும் இக்கணக்கினைச் செய்யலாம். ஆர், பைத்தான் ஆகியவை விலையின்றிக் கிடைப்பவை. ஆர் மொழியின் ‘ஃபிக்ஸ்எஸ்ட்’ என்னும் தொகுப்பு சமன்பாட்டினைத் தீர்த்து வரைபடத்தையும் உடனே தரும். எனினும் பிழை செய்தி எதுவும் தோன்றாமலே தவறான படம் கிடைக்கும் இடங்கள் சில உள.

முதலாவது, நிகழ்வு தீண்டாத இடங்கள். அவற்றிற்கு நிகழ்வு நாள் இல்லையாதலால் காலத் தொலைவுக் கட்டம் வெறுமையாக விடப்படுகிறது. வெறுங்கட்டம் உள்ள வரிசைகளை மென்பொருள் வாய்திறவாமல் நீக்கிவிடும். ஒப்பிட வைத்த இடங்களே ஆய்வில் இல்லாமற்போகும். ஸ்டேட்டாவில் இன்னொரு வினோதம் உண்டு. அது வெறுங்கட்டத்தை எந்த எண்ணையும்விடப் பெரியதாகக் கொள்ளும். ஆகவே காலத் தொலைவு சுழியோ அதற்கு மேலோ உள்ளவை நிகழ்வுக்குப் பிந்தியவை என்று கட்டளையிட்டால், நிகழ்வே தீண்டாத இடங்களும் நிகழ்வுக்குப் பிந்தியவற்றுள் சேர்ந்துவிடும்.

இரண்டாவது, குறை எண்கள். ஸ்டேட்டாவின் வகைப்பாட்டு மாறிகளில் குறை எண்களுக்கு இடமில்லை. ஆதலால் காலத் தொலைவுடன் ஒரு மாறா எண்ணைக் கூட்டுவர். வரையும்போது பழைய எண்களை மீட்டெழுத மறப்பின், செங்குத்துக் கோடு தவறான மாதத்தில் நிற்கும்.

மூன்றாவது, சுழியாகக் கொள்ளும் காலம். அதனை ஆராய்பவர் குறிப்பிடாவிடின் மென்பொருள் தானே ஒன்றைத் தெரிந்தெடுத்துக்கொள்ளும்; அது பெரும்பாலும் வரிசையின் முதற்காலமாக இருக்கும். அதனால் படம் முழுவதும் மேலோ கீழோ நகர்ந்து வேறு பொருள் தோன்றும்.

நான்காவது, ஓரங்கள். நிகழ்விலிருந்து நெடுந்தொலைவில் உள்ள காலங்களைச் சில இடங்கள் மட்டுமே பெற்றிருக்கும். காசர்கோட்டின் ‘நாற்பது மாதம் முன்’ என்பதற்குக் கோழிக்கோட்டில் இணையே இல்லை. ஓரப் புள்ளியின் ஏற்ற இறக்கம் காலத்தின் விளைவு அன்று. ஆய்வில் எஞ்சியுள்ள இடங்கள் மாறியதன் விளைவு.

ஐந்தாவது, பல இடங்களுக்கு நிகழ்வு பல காலங்களில் வரும் நிலை. கண்ணூருக்குக் கைப்பேசி வந்தபோது, அதுவரை பெறாத காசர்கோடு நல்ல ஒப்பீடு. முன்னரே பெற்று மாறிக்கொண்டிருந்த கோழிக்கோடு நல்ல ஒப்பீடு அன்று. பழைய சமன்பாடு இவ்விரண்டையும் கலந்துவிடும். 2021 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகளில் லியாங் சன், சாரா ஆபிரகாம் ஆகியோரும், பிரான்டிலி கேலவே, பெத்ரோ சாந்தானா ஆகியோரும் இக்கலப்பினை நீக்கும் முறைகளைத் தந்தனர். அவை இன்று மேற்கூறிய மென்பொருள்களில் கிடைக்கின்றன. 2000 மே மாதத்திற்குப் பின் மூன்று பகுதிகளுமே சேவை பெற்றுவிட்டன. ஒப்பிட எதுவும் மிஞ்சவில்லை. அதன் பின்னரும் விளைவுகளை அளந்து காட்டும் சமன்பாடு எங்கிருந்து அவற்றைப் பெற்றது என்று கேட்பது ஆராய்வோரின் கடமை.

திருவனந்தபுரத்திற்குத் திரும்பினால்

இவ்வளவுகோலைத் தென்கரை வழக்கில் வைத்து நோக்கினால் அதன் கடுமை விளங்கும். முதலில், நிகழ்வு நாள் எது? பணி 2015 டிசம்பரில் தொடங்கினும் சுவர் சிறிது சிறிதாகவே கடலுள் நீண்டது. 0, 1 என்று குறிப்பதைவிட, ஒவ்வொரு மாதமும் சுவரின் நீளம் எவ்வளவு என்று குறிப்பதே பொருத்தம். அடுத்து, பிற நிகழ்வுகள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலும், 2021 மே மாதத்தில் டவ்டே புயலும் அதே காலத்தினுள் வந்தன. துறைமுகத்தின் விளைவையும் புயலின் விளைவையும் பிரிக்க வேண்டுமானால், புயல் கண்டும் துறைமுகத்தின் செல்வாக்கிற்கு உட்படாத கரைகள் ஒப்பீட்டிற்கு வேண்டும். மூன்றாவது, கரைகள் தனித்தனிச் சந்தைகள் அல்ல. ஓரிடத்தில் தடைப்பட்ட மணல் மற்றோரிடத்திற்கு வாராது. விழிஞ்ஞத்திலிருந்து சங்குமுகம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அருகிலுள்ள கரையை ‘தீண்டாத இடம்’ என்று கொள்வது வினாவையே விழுங்கிவிடும். தொலைவிலுள்ள கரைகளிலோ இடையிடையே கடற்சுவர்களும் மீன்பிடித் துறைமுகங்களும் உள்ளன.

விடை காண இயலாது என்பது இதன் பொருளன்று; நெடிய முன்வரலாறு இன்றி விடை காண இயலாது என்பதே பொருள். 2015 ஆம் ஆண்டுக்கு முந்திய இருபது ஆண்டுகளில் வலியதுறைக் கரை ஆண்டொன்றுக்கு எவ்வளவு குறைந்தது என்று அறிந்தாலன்றி, பின்னர் குறைந்ததில் எவ்வளவு புதியது என்று எவரும் கூற முடியாது. இருதரப்பு வாதமும் இந்த ஓர் இடப்புறப் பகுதியிலேயே தங்கியுள்ளது.

லாண்ட்சாட் துணைக்கோள்கள் 1984 முதல் 30 மீட்டர் நுணுக்கத்தில் எடுத்த படங்கள் இதற்கு உதவுவன. திருவனந்தபுரம் ஆக்குளத்திலுள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் போன்ற நிறுவனங்களும் இக்கரையை ஆராய்ந்து வந்துள்ளன. எனினும் ஒன்றை மறத்தலாகாது. கரை மிகுதியாக அரிக்கப்படும் ஜூன், ஜூலை மாதங்களில்தான் வானத்தை மேகம் மூடுகிறது. ஒரு வீட்டு முற்றம் பத்து மீட்டர். 30 மீட்டர் கட்டத்தில் அது ஒரு கூறே. துணைக்கோள் காணாத மாதத்தையும், அது காண இயலாத சிறு அளவையும் தரையில் நிற்பவரே பதிவு செய்ய வேண்டும்.

குறிப்பேட்டின் கடமை

வீடிழந்தோர் முன் காரணம் ஆராய்ந்து காலம் கழிப்பதா என்னும் மறுப்பு எழலாம். அம்மறுப்பு நேரியது. துயர் நீக்கும் உதவி எந்தச் சமன்பாட்டிற்கும் காத்திருத்தல் ஆகாது. ஆனால் அடுத்த சுவரை எங்கே எழுப்புவது, அடுத்த துறைமுகத்தை எங்ஙனம் அமைப்பது, எந்த ஊரைப் பெயர்ப்பது என்னும் முடிவுகள் காரணத்தைப் பொறுத்தவை. தவறான காரணத்தை நம்பிக் கட்டிய சுவர், அரிப்பை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும்.

ஆகவே பெரும்பணி எதுவாயினும் அதற்கு ஒப்புதல் அளிக்கும்போதே, பணி தொடங்குமுன் சில ஆண்டுகளுக்கு அளவெடுப்பதும், அவ்வளவுகளை எவரும் காணத்தக்க வகையில் வைப்பதும் கட்டாயமாக்கப்படுதல் வேண்டும். ஒப்பீட்டிற்குரிய இடங்களையும் அப்போதே குறித்துவிட வேண்டும்; முடிவு தெரிந்தபின் தேடும் ஒப்பீடு விரும்பிய விடைக்கு ஏற்பவே அமையும்.

களப்பணியாளர் செய்யத்தக்கவை மூன்று. எந்தத் திட்டமும் தம் ஊரில் உண்மையாகத் தொடங்கிய நாளை எழுதி வைத்தல். அரசாணை நாள் ஒன்று, ஊரில் வந்த நாள் வேறொன்று என்பது எவரும் அறிந்ததே. திட்டம் வாராத ஊர்களிலும் அதே அளவினை அதே முறையில் எடுத்தல். அளவெடுக்க இயலாத மாதத்தில் கற்பித்து எழுதாமல் வெறுமையாக விட்டு, காரணத்தைக் குறித்தல்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. கடற்கரைப் பள்ளி ஒன்று, அசையாத கம்பம் ஒன்றிலிருந்து உயர்நீர்க் கோடு வரையுள்ள தொலைவை மாதம் ஒருமுறை, ஒரே நிலையிலுள்ள அலையேற்ற வேளையில், நாடா கொண்டு அளக்கலாம். பன்னிரண்டு மாத அளவுகளை வரைதாளில் குறிக்கும் மாணவர் பருவத்தின் இயல்பை அறிவர். ஐந்தாண்டு அளவுகளைக் குறிப்போர் பருவத்தை நீக்கிப் போக்கினைக் காண்பர். இரு பள்ளிகள் தம் தாள்களை அருகருகே வைத்து நோக்கினால் நிகழ்வாய்வின் அடிப்படை விளங்கிவிடும். உள்நாட்டுப் பள்ளிகள் கிணற்று நீர்மட்டத்தையோ, நாள்வருகையையோ, சந்தை விலையையோ இவ்வாறே பதிவு செய்யலாம்.

நாளை எந்த நிகழ்வு வரும் என்று இன்று எவரும் அறியார். புயலோ, பாலமோ, புதிய சட்டமோ வரும். வந்தபின் அதற்கு முந்திய ஆண்டுகளை அளக்க இயலாது. அவ்வாண்டுகள் இப்பொழுது நடந்துகொண்டிருப்பவையே. அவற்றை எழுதுவதற்குரிய காலமும் இதுவே.